நாற்பத்தெட்டுக்கு இருபத்தொன்று

பரீட்சையில் தேறிவிட வேண்டும் என்று தவம் கிடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தோற்றே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்ட மனிதரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். டைல்ஸ் மேஸ்திரி அப்படி ஒருவர். அறுபத்தெட்டு வயதில், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து, அவருக்கு ஒரு பரீட்சை வந்தது. அதில் கவனமாக, அளவாக, சந்தேகம் வராதபடி தோற்பது என்று முடிவு செய்தார்.

பரீட்சை உண்மையில் அவருக்கு இல்லை. அவருடைய வலது முட்டிக்கு.

மேஸ்திரி முப்பத்தைந்து வருஷம் தரை போட்டவர். தரை போடுவது என்றால் மண்டி போடுவது. எந்தப் பக்திமானும் அத்தனை நேரம் மண்டி போட்டிருக்க மாட்டான். கடைசியில் வலது முட்டி தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசி, நடந்தால் பழைய கதவு திறக்கிற மாதிரி சத்தம் வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் அதை மாற்றினார்கள். எலும்பின் முனைகளைச் சீவி, மேலும் கீழும் உலோகத்தைப் பொருத்தி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

முதல் மூன்று மாதம் நரகம். அதில் பொய் இல்லை. ஆறு மாதம் வரை கைத்தடி. அதிலும் பொய் இல்லை. அவர் மனைவி தையல்காரம்மா குளிப்பாட்டி விட்டார், சாப்பாட்டைக் கையில் கொடுத்தார், ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு, காலை நீட்டிக்கொள்ள எதிரே ஒரு முக்காலியும் போட்டார். அங்கே உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரியும். டீ தானாக வரும்.

ஒரு வருஷம் ஆனபோது ஒரு காலை, கிளம்பிப் போன பஸ்ஸை மேஸ்திரி துரத்திப் பிடித்தார். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கின பிறகுதான் உறைத்தது, தான் ஓடியிருக்கிறோம் என்று. முட்டியைத் தட்டிப் பார்த்தார். வலியைக் காணோம். எழுந்திரிக்கும்போது மட்டும் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், வடுவுக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரத்த இடம். மிச்சமெல்லாம் ஜோர்.

பொருள் தொலைந்து போனால் ஊரைக் கூட்டலாம். வலி தொலைந்து போனால் யாராவது ஊரைக் கூட்டுவார்களா? மேஸ்திரி யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. கடைக்குப் போவது தையல்காரம்மா. பதினெட்டுப் படி ஏறித் தண்ணீர் கேன் கொண்டு வருவது தையல்காரம்மா. சமையலறையில் நாலு டைல்ஸ் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கத் தரை போட்டவர் வீட்டில் தரை ஆடியது. கேட்டால் மேஸ்திரி முட்டியைத் தடவிக்கொண்டு, "டாக்டர் மண்டி போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே" என்பார். டாக்டர் சொன்னது வேறு. ஒரு வருஷம் வரைக்கும் மண்டி போடாதே, அதற்குப் பிறகு மெத்தென்று எதையாவது வைத்துப் போடலாம், ஒரு மாதிரி இருக்கும், ஆனால் கெடுதல் இல்லை என்றார். மேஸ்திரி முன்பாதியை வீட்டுக்கு எடுத்து வந்தார். பின்பாதியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டார்.

சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணசந்த பிறகு, நாலு மணிக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிற முடிதிருத்துகிறவர் கடைக்குப் போவார். சும்மா உட்கார்ந்துவிட்டு வருவதாக வீட்டில் பேச்சு. அந்தக் கடைத் தரை மேஸ்திரி இள வயசில் போட்ட தரை. எங்காவது ஒரு டைல்ஸ் விரிந்தால் அவரே மண்டி போட்டு மாற்றுவார். அங்கே நாலு பேர் வேடிக்கை பார்த்து, "கைன்னா இது கை" என்பார்கள். கூலி ஒரு முழுச் சவரம். வீட்டுச் சமையலறையில் அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. மூட்டு மாற்றிப் பத்து வருஷம் ஆனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கிறார்களாம். கூடவே ஒரு தாள். பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு மார்க், மொத்தம் நாற்பத்தெட்டு. வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள்.

மேஸ்திரி தரைக்கு வாட்டம் பார்க்கிற கண்ணோடு அந்தத் தாளைப் பார்த்தார். நிறைய மார்க் வாங்கினால் நாற்காலி போச்சு. அடுத்த நாளே சமையலறையில் மண்டி போட வேண்டும். ரொம்பக் குறைவாக வாங்கினால் படம் எடுப்பார்கள், மறுபடி திறந்து பார்க்கலாமா என்பார்கள். ஆக, தோல்வியிலும் ஓர் அளவு வேண்டும். இருபது. இருபதுதான் மரியாதையான தோல்வி.

சாயங்காலம் தையல்காரம்மா மெஷினை மூடிவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். கண்ணாடி கிடைக்கவில்லை, நீயே படி என்று மேஸ்திரிதான் சொல்லியிருந்தார்.

"ராத்திரி முட்டி வலியில தூக்கம் கெடுதா?"

"அடிக்கடி."

"நீங்க விடுற குறட்டையில எதிர் வீட்டு நர்ஸக்கா தூக்கம் கெடுது. உங்களுக்கு எப்படிங்க கெடும்?"

"வலியிலதான் குறட்டை வருது. உனக்குத் தெரியாது."

அம்மா பென்சிலால் குறித்தார். எவ்வளவு தூரம் வலியில்லாமல் நடக்க முடியும் என்று கேள்வி. தெருமுனை வரைக்கும் என்றார் மேஸ்திரி. கடைக்குப் போய்ச் சாமான் வாங்க முடிகிறதா? அதை நீதானே வாங்குகிறாய், எனக்கு எப்படித் தெரியும் என்றார். படி இறங்க முடிகிறதா? சிரமம். உட்கார்ந்தால் எழுந்திரிக்க முடிகிறதா? டீ வந்தால் முடிகிறது என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டு, சிரமம் என்றார்.

"மண்டி போட்டுட்டு, திரும்ப எழுந்திரிக்க முடியுதா?"

"அதெல்லாம் முடியவே முடியாது. முட்டை போடு."

அம்மா முட்டை போட்டார். கூட்டினார். இருபத்தொன்று. மேஸ்திரிக்கு உள்ளூரப் பெருமை. நூல் பிடித்த மாதிரி ஒன்றே ஒன்றுதான் தவறியிருக்கிறது.

அம்மா தாளை மடித்து மெஷின் இழுப்பறையில் வைத்தார். அப்புறம் தன் இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக எழுந்து நின்றார்.

"அப்ப எனக்கு வேண்டாங்க."

"எது வேண்டாம்?"

"ஆப்பரேஷன்தான். பத்து வருஷம் கழிச்சு இருபத்தொண்ணுன்னா, அதுக்கு எதுக்கு அறுத்துக்கணும்? இப்பவே எனக்கு அவ்வளவு இருக்கும்."

மேஸ்திரிக்குத் தேள் கொட்டின மாதிரி ஆனது. அம்மாவின் இடது முட்டி முப்பது வருஷம் தையல் மெஷின் மிதித்த முட்டி. இரண்டு மாதத்துக்கு முன்னால் அதே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதையும் மாற்றித்தான் ஆக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவர். என்ன யோசிக்கிறாள், பயமாக இருக்கும் போல என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா யோசித்தது இவருடைய முட்டியை வைத்து என்று அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை.

ஆளுக்கு ஆள் உடம்பு மாறும் என்று சொல்லிப் பார்த்தார். உன்னுடையது இடது கால், என்னுடையது வலது கால் என்று ஒரு காரணமும் சொன்னார். இந்தப் பத்து வருஷத்தில் வைத்தியம் எங்கேயோ போய்விட்டது என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்.

"ஊர் ஆயிரம் சொல்லட்டுங்க. பத்து வருஷமா கண்ணு முன்னாடி பாத்ததை விடவா?"

மறுநாள் காலை அம்மா தண்ணீர் கேனோடு படி ஏறி வருகிற சத்தத்தை மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டார். ஒன்பது வருஷமாகக் கேட்கிற சத்தம்தான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கேனைப் படியில் வைக்கிற சத்தம். நல்ல காலை மேலே வைக்கிற சத்தம். கெட்ட காலை இழுக்கிற சத்தம். ஒரு மூச்சு. மறுபடி கேன். பதினெட்டுத் தடவை. பதினோராவது படியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மேஸ்திரி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். பன்னிரண்டாவது படிச் சத்தம் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தார். வந்த டீ ஆறிப்போனது.

அம்மா துணி கொடுக்கப் போன சமயம் பார்த்து எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே இருப்பவர் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா. ஒன்றையும் ஒப்புக்கொள்ளாமல், பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டார். இந்த மூட்டு மாற்றினவர்கள் எல்லாம் பின்னால் எப்படி இருக்கிறார்கள், என் வீட்டுக்காரிக்கு நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா என்று.

நர்ஸம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். "நூறு பேருக்கு மாத்தினா, இருபது வருஷம் கழிச்சும் தொண்ணூறு பேருக்கு அதே மூட்டுதான் ஓடிட்டிருக்கும் மேஸ்திரி. மறுபடி மாத்துறவங்க கொஞ்சம் பேர்தான். நூத்துக்குப் பத்து இருபது பேருக்கு வலி கொஞ்சம் தங்கிடும். அதுவும் நிஜம், மறைக்கக் கூடாது. நீங்க அந்த இருபதுல ஒருத்தரா?"

மேஸ்திரி சுவரில் பூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்தார்.

"நீங்க பஸ்ஸுக்கு ஓடுறதை நான் ஜன்னல்லேர்ந்து எத்தனையோ தடவை பாத்திருக்கேன். நான் சொன்னா அந்தம்மா நம்பாது. உங்க வாயாலதான் சொல்லணும்."

சொல்லலாம். என்ன என்று சொல்வது? ஒன்பது வருஷமாக ஏமாற்றினேன் என்றா? ஒரு நாள் ஏமாற்றினால் மன்னிப்புக் கேட்கலாம். ஒன்பது வருஷத்துக்கு மன்னிப்புக் கேட்க ஒன்பது வருஷம் ஆகுமே. மேஸ்திரி படியிலேயே உட்கார்ந்து யோசித்தார். பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக் கூடாது. வழி கிடைத்தது. முட்டி இத்தனை நாள் கெட்டிருந்தது, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குணமாகிறது என்று காட்டிவிட்டால்? பொய்யும் வெளியே வராது, அம்மாவுக்கும் தைரியம் வரும். எல்லாம் சரியாகட்டும், மண்டி போடுவதை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. அது ஒன்று கையில் இருந்தால் சமையலறையிலிருந்து தப்பிக்கலாம்.

அன்றைக்கே நர்ஸம்மா ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்ததாக வீட்டில் அறிவித்தார். காலையில் சுவரில் சாய்ந்து பத்துத் தடவை பாதி உட்கார்ந்து எழுந்தார். இரண்டாம் நாள், என்னமோ தெரியவில்லை, கால் லேசாக இருக்கிறது என்றார்.

அம்மா மெஷினை நிறுத்தினார். இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தார். ரப்பரால் அழித்தார்.

"பென்சில்லயா எழுதினே?" என்றார் மேஸ்திரி.

"பேனா தீந்துபோச்சுங்க. நடக்குறதுக்கு ஒண்ணு கூட்டிப் போடுறேன். அப்படியே கடைவரைக்கும் நடந்து பாருங்க. நூல்கண்டு வேணும், அரிசியும் தீந்துபோச்சு."

அப்படித்தான் ஆரம்பித்தது. மார்க் ஏற ஏற வேலை ஏறியது. நடைக்கு மார்க் போட்டால் கடை வந்தது. படிக்கு மார்க் போட்டால் தண்ணீர் கேன் வந்தது. நின்றால் வலிக்கவில்லை என்று வாய் தவறிச் சொன்ன நாளில் பாத்திரம் கழுவுகிற வேலை வந்தது. வீட்டு வேலை செய்ய முடிகிறதா என்று தாளிலேயே ஒரு கேள்வி இருந்தது. அதற்கு முழு மார்க் வாங்க மேஸ்திரி வீடு முழுக்கப் பெருக்கிக் காட்ட வேண்டியிருந்தது. சும்மா சொன்னால் எப்படிங்க, ஆஸ்பத்திரித் தாளில் பொய் எழுதலாமா என்றார் அம்மா. மேஸ்திரி துடைப்பத்தை எடுத்தார்.

பத்து நாளில் இருபத்தொன்று நாற்பத்து மூன்று ஆனது. நாற்காலி காலியாகவே கிடந்தது. முடிதிருத்துகிறவர் ஆள் அனுப்பி, மேஸ்திரிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

"இப்ப பாத்தியா? நாப்பத்து மூணு. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி தேதி கேட்டுரலாமா?"

அம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் சரிதாங்க. மண்டி போடுறதுக்கு இன்னும் முட்டைதானே இருக்கு."

"அது ஒண்ணு போனா போகுது."

"எனக்கு அது ஒண்ணுதாங்க வேணும். திரைச்சீலைத் துணியைத் தரையில விரிச்சு, மண்டி போட்டுத்தானே வெட்டுறேன். மேஜையில வெச்சு வெட்டுற அகலமா அது? மண்டி போட முடியாதுன்னா தொழிலை மூடிட்டு உக்கார வேண்டியதுதான். அதுக்கு இந்த வலியோடயே இருந்துட்டுப் போறேன்."

மேஸ்திரி கணக்குப் போட்டார். மண்டி போட முடியும் என்று சொன்னால் சமையலறை. நாலு டைல்ஸ் என்று தொடங்கினால் மொத்தத் தரையும் பெயர்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஒன்பது வருஷம் ஆடினதில் பக்கத்தில் இருப்பதெல்லாம் பிடிப்பு விட்டிருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று நாள் இருக்கும்போது, காலையில் மச்சினன் வந்து நின்றான். தையல்காரம்மாவின் தம்பி, சுவருக்கு வண்ணம் அடிக்கிற பெயிண்டர். தோளில் ஒரு மூட்டை சிமென்ட், கையில் மணல் சட்டி. பின்னாலேயே ஒரு வண்டியில் டைல்ஸ் பெட்டிகள்.

"என்ன மாப்ளே இது?"

"அக்கா வரச் சொல்லுச்சு மாமா. சமையக்கட்டு போட."

"நீ பெயிண்டருடா."

"சுவத்துல அடிக்கிறேன், தரையில ஒட்டப் போறேன். சுவரைப் படுக்கப் போட்டா தரைதானே மாமா."

மேஸ்திரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அம்மாவோ ஊசியில் நூல் கோத்தபடி, தான் ஆப்பரேஷன் செய்துகொள்ளப் போவதில்லை, குறைந்தது தடுக்கி விழாமலாவது இருக்க வேண்டாமா, உங்களுக்குத்தான் முடியவில்லை, அவன் முடிந்த மாதிரி போடட்டும் என்றார். நியாயமான பேச்சு. மேஸ்திரி போய் நாற்காலியில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக் காதைப் பொத்திக்கொள்வது என்று தீர்மானித்தார்.

காதை எவ்வளவு நேரம் பொத்துவது? பழையதைப் பெயர்க்கிற சத்தம் மதியம் வரை கேட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு சாந்து குழைக்கிற சத்தம் வந்தது. மணல் அதிகம், சத்தத்திலேயே தெரிந்தது. பிறகு ரப்பர் சுத்தி.

டைல்ஸைச் சாந்தின்மேல் வைத்து ரப்பர் சுத்தியால் தட்டினால் ஒரு சத்தம் வரும். அடியில் சாந்து நிறைந்திருந்தால் 'தும்' என்று நெஞ்சைத் தட்டின மாதிரி இருக்கும். உள்ளே காலியாக இருந்தால் 'டொக்' என்று காலிப் பானையைத் தட்டின மாதிரி இருக்கும். காலியாகப் போட்ட டைல்ஸ் ஆறு மாதத்தில் விரியும். இது மேஸ்திரிக்கு மூச்சு விடுவது மாதிரி தெரியும்.

டொக்.

மேஸ்திரி நாற்காலியில் நெளிந்தார்.

டொக். டொக்.

"மாப்ளே, அடியில காலியா இருக்குடா," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"இருக்கட்டும் மாமா, மேல பாத்தா தெரியாது."

இந்த வார்த்தையை மேஸ்திரியிடம் வேலை பார்த்த எந்தப் பையனும் இரண்டாம் தடவை சொன்னதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். தெருவில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அந்தத் தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல் தேங்கி நிற்கிற மௌனமும் கேட்டது.

"அக்கா, தண்ணி உங்க மெஷின் பக்கம் வருது. பரவால்லையா?"

"வந்தா வரட்டும்டா. துடைச்சுக்கறேன்."

டொக்.

அதற்கப்புறம் நடந்ததை மேஸ்திரியால் பிற்பாடு சரியாகச் சொல்ல முடியவில்லை. சமையலறை வாசலில் நின்றது ஞாபகம் இருக்கிறது. இடுக்கு ஒன்று விரல் அகலத்துக்கும் இன்னொன்று நூல் அகலத்துக்கும் இருந்ததைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. "தள்ளு" என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அதன்பின் சாந்து பூசுகிற கரணை அவர் கையில் இருந்தது. இரண்டு முட்டியும் தரையில் இருந்தன.

போட்ட ஏழையும் பெயர்த்தார். சாந்தைத் திரும்பக் குழைக்கச் சொன்னார். மூலைக்கு மூலை நூல் கட்டினார். ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வந்ததும், வடிகால் பக்கம் ஒரு நூலளவு வாட்டம் கொடுத்தார். முதல் டைல்ஸை வைத்துத் தட்டினார். தும். இரண்டாவது. தும். மச்சினன் பக்கத்தில் குந்திக்கொண்டு, "கைன்னா இது கை மாமா" என்றான். மேஸ்திரிக்கு நாற்பது வயது குறைந்தது. பின்னால் நகர்ந்தார், பக்கவாட்டில் நகர்ந்தார், எழுந்து போய் டைல்ஸ் எடுத்து வந்து திரும்ப மண்டி போட்டார். முட்டி இரண்டு தடவை 'டிக்' என்றது. அதை யார் கேட்டார்கள்?

பன்னிரண்டாவது டைல்ஸ் வைக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. முட்டிக்குக் கீழே மெத்தென்று இருந்தது. ஈரத் தரை எப்படி மெத்தென்று இருக்கும்? குனிந்து பார்த்தார். ஒரு சின்ன மெத்தை. மிச்சத் திரைச்சீலைத் துணியில் பஞ்சு அடைத்து, ஓரம் மடித்து, இரண்டு முட்டிக்கும் இரண்டு குழி விட்டு அளவெடுத்துத் தைத்த மெத்தை. வாசலில், அவர் வந்து மண்டி போடுகிற இடத்தில், முன்கூட்டியே கிடந்திருக்கிறது. அதையும் முட்டியோடு இழுத்துக்கொண்டே அவர் நகர்ந்திருக்கிறார்.

மேஸ்திரி மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

வாசலில் முக்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஆஸ்பத்திரித் தாள். கையில் பேனா.

"மண்டி போட்டுட்டு, திரும்ப எழுந்திரிக்க முடியுதா? முடியுது, சுலபமா. நாலு போடட்டுமா?"

மேஸ்திரி கரணையைக் கீழே வைத்தார். கடைசியில், "மரத்துப் போன இடம் ஒரு மாதிரி இருக்கு. மூணு போடு," என்றார். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்ததில், அந்த உண்மை அவருக்கே ருசியாக இருந்தது.

அம்மா மூன்று போட்டார். நாற்பத்தாறு என்று பேனாவால் எழுதி, அடியில் கோடும் இழுத்தார்.

"பேனா தீந்துபோச்சுன்னியே?"

"நிஜம் சொல்ற அன்னிக்கு எழுதலாம்னு வாங்கி வெச்சேங்க."

எப்போது தெரியும் என்று கேட்டார் மேஸ்திரி. அம்மா எழுந்து போய், கொடியில் கிடந்த அவருடைய பேண்ட்டை எடுத்து வந்து மடியில் போட்டார். வலது முட்டியில் ஓர் ஒட்டு. அதன்மேல் இன்னொரு ஒட்டு.

"ஒம்பது வருஷமா இந்த இடம்தான் முதல்ல தேயுது. நாற்காலியில உக்காந்திருக்கிறவருக்குப் பின்பக்கம்தானேங்க தேயணும்? துணி பொய் சொல்லாது. நான் தையக்காரி. என்கிட்டயா?"

மச்சினன் சட்டியைக் கழுவுகிற சாக்கில் நழுவப் பார்த்தான். மேஸ்திரி பார்த்த பார்வையில், கைகூப்பாத குறையாகச் சொல்லிவிட்டான். "எனக்கு ஒழுங்கா வெக்கத் தெரியும் மாமா. அக்காதான் அங்கங்க சாந்து இல்லாம விடச் சொல்லுச்சு. தண்ணியை மெஷின் பக்கம் திருப்பினதும் அதோட யோசனைதான்."

"அப்ப ஆப்பரேஷன் வேண்டாம்னு சொன்னது?"

"தேதி போன மாசமே வாங்கிட்டேன்." அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "பயம் இருந்ததுங்க. தேறுவேனான்னு. உங்களைப் பாத்துத்தான் தைரியம் வந்தது. நீங்க பஸ்ஸுக்கு ஓடுறதை ஜன்னல்ல நின்னு பாக்கும்போதெல்லாம், நமக்கும் இப்படி ஆயிரும்னு நினைச்சுக்குவேன். அதான் ஒம்பது வருஷம் ஒண்ணும் கேக்கலை. ஆனா விழுந்து வெச்சா புது முட்டி போயிரும்னு நர்ஸக்கா சொன்னாங்க. அதுக்கு முன்னாடி தரை சரியாகணும்ல."

மேஸ்திரி குனிந்து பதின்மூன்றாவது டைல்ஸை வைத்தார். தும்.

பெரிய ஆஸ்பத்திரியில் முட்டியை மடக்கிப் பார்த்தார்கள், நீட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். பிளாஸ்டிக் கொஞ்சம்கூடத் தேயவில்லை, இன்னும் பத்து வருஷம் தாராளமாக ஓடும் என்றார் டாக்டர். நாற்பத்தாறைப் பார்த்துவிட்டு, ஆப்பரேஷனுக்குக் காத்திருந்த பயந்தாங்கொள்ளிகள் நாலு பேருக்கு முன்னால் மேஸ்திரியை நடக்கச் சொன்னார். மேஸ்திரி நடந்தார். அம்மா பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அம்மாவுக்கு இடது முட்டி மாறியது. முதல் மூன்று மாதம் நரகம். அதில் பொய் இல்லை. மேஸ்திரி பக்கத்தில் இருந்து பார்த்தார். குளிக்கத் தண்ணீர் வைத்தார், சாப்பாட்டைக் கையில் கொடுத்தார், பயிற்சிக்குத் தோள் கொடுத்தார். பதினெட்டுப் படி கேன் சுமந்தார். சமையலறைத் தரை தும்மென்று இருந்தது. கைத்தடி ஒரு தடவைகூட வழுக்கவில்லை. ஜன்னலோர நாற்காலி அம்மாவுக்குப் போனது. முக்காலியும் போனது. டீ தானாகப் போனது. நாலு மணிக்கு முடிதிருத்துகிறவர் கடையில் என்ன நடக்கிறதோ, மேஸ்திரிக்குத் தெரியாது. அவர் அந்த நேரத்தில் ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பார்.

ஒரு வருஷம் ஆனது. ஒரு காலை மேஸ்திரி கேனோடு பதினோராவது படியில் நின்று மூச்சு வாங்கியபடி, படிக்கட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். துணிக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிளம்பிப் போன பஸ்ஸை ஓர் அம்மா துரத்திப் பிடித்தார். நன்றாகத் தெரிந்த அம்மா.

சாயங்காலம் மேஸ்திரி டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மா நாற்காலியில் சாய்ந்து, முக்காலியில் காலை நீட்டியிருந்தார். மேஸ்திரி பக்கத்தில் நின்று, பதமாகக் கேட்டார்.

"முட்டி எப்படி இருக்கு? வலியெல்லாம் போயிருக்குமே?"

அம்மா டீயை ஒரு வாய் குடித்தார். முட்டியை மெல்லத் தடவிக்கொண்டார்.

"இன்னும் ஒம்பது வருஷத்துல எனக்கும் ஒரு தாள் அனுப்புவாங்கல்ல. அப்ப சொல்றேங்க."